பாலில் விழுந்த அப்பம்

சென்ற கார்த்திகைத் தீபத்தன்று நான் இரண்டு இடங்களில் அப்பம் தின்றேன். முதல் இடம், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெரிய சாலையில் உள்ள ஒரு ஹோட்டல். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஹோட்டல் அது. இரண்டாவது இடம், காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணை. இரண்டுக்கும் நடுவே பத்து மைல் தூரம் இருக்கலாம். ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் நான் குறைந்தது 1,500 வருஷம் பின்னால் போய்த் திரும்பி வரும்படி ஆயிற்று.

ஹோட்டல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செவிலிமேட்டில் இருக்கும் என் பழைய நண்பரைப் பார்க்க நானும் என் பேத்தியும் காரில் போய்க்கொண்டிருந்தோம். பேத்திக்குப் பத்து வயது. சாலையோரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் படம் வைத்திருந்தார்கள். வட்ட வட்டமாக மூன்று பணியாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஐஸ்க்ரீம் உருண்டை வைத்து, அதன் தலையில் சாக்லேட் பாகை அபிஷேகம் செய்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், “குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்!” என்று எழுதியிருந்தது.

“தாத்தா! இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு!” என்று அவள் அலறினாள். கடைசி ரயில் கிளம்பப் போகிறது என்று சொல்கிறவர்கள்கூட அவ்வளவு கவலையோடு சொல்ல மாட்டார்கள். காரை நிறுத்தினோம்.

அந்தப் பண்டத்துக்குப் பான்கேக் என்று பெயர். மைதா, முட்டை, பால், சர்க்கரை, உப்புவதற்கு ஒரு சோடாப் பொடி. தட்டில் வந்தது இரண்டு பேர் தின்னும் அளவு இருந்தது. உண்மையை மறைப்பானேன்? நன்றாகவே இருந்தது. வாழைப்பழத் துண்டுகளும் சூடான பணியாரமும் உருகி வழியும் ஐஸ்க்ரீமும் சேர்ந்தால் எப்படி நன்றாக இல்லாமல் போகும்? ஆனால் வயதானவர்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. நன்றாக இருக்கிறது என்று நாக்கு சொன்னாலும் வாய் ஒப்புக்கொள்ளாது. நான் பேத்திக்கு ஒரு பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன்.

“இது என்ன அதிசயம்? நம் ஊரில் இதற்கு அப்பம் என்று பெயர். இந்த மாதிரி நோட்டீஸ் ஒட்டி விற்கிற சமாசாரம் அல்ல அது. கார்த்திகைக்குச் சுடுவோம், கோகுலாஷ்டமிக்குச் சுடுவோம். சுவாமிக்குப் படைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடுவோம். கோயிலும் வீடும் வளர்த்த பட்சணம். அதைக் கடைக்குக் கொண்டுவந்தது இந்தக் காலத்து மனிதர்கள்தான்.”

அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். “கார்த்திகைக்கும் கோகுலாஷ்டமிக்கும் மட்டும்னா, அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்தானே தாத்தா?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. பில்லைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். அவளுடைய கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். என் பிரசங்கத்திலேயே பெரிய பிழை ஒன்று இருந்தது. அது செவிலிமேடு போன பிறகுதான் தெரிந்தது.

காஞ்சீபுரத்திலிருந்து வந்தவாசிப் பக்கம் போகும் சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கிறது செவிலிமேடு. இப்போது அது காஞ்சீபுரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பாலாறு பெரும்பாலும் வெறும் மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியபோது பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஆற்றில் தண்ணீர் ஓடுவதே வேடிக்கையாகிவிட்ட காலம் இது.

குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் என்ற சங்கதி இந்த ஊருக்குப் புதிதல்ல. யாதவப்பிரகாசரோடு காசி யாத்திரை போன இளம் ராமானுஜர், தம்மைக் கொல்லச் சதி நடக்கிறது என்று கோவிந்தர் மூலம் அறிந்து விந்திய மலைக் காட்டில் வழி தவறி நின்றார். ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வந்தார்கள். வேடுவச்சி தாகம் என்றாள். பொழுது விடிந்து அவர் தண்ணீர் எடுக்கப் போனால், எதிரே காஞ்சீபுரத்துக் கோபுரங்கள் தெரிந்தன. வேடர் இருவரையும் காணோம். தண்ணீர் எடுத்த அந்தச் சாலைக் கிணறு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் ஞாபகமாக வரதராஜப் பெருமாள் வருஷத்தில் ஒருநாள் தாயாரோடு வேடர் கோலத்தில் செவிலிமேட்டுக்கு எழுந்தருளுகிறார். வருஷத்துக்கு ஒருநாள் என்பதாவது பரவாயில்லை. அதே கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறார். 1979-இல் வந்தவர் 2019-இல் வந்தார். 48 நாள் இருந்துவிட்டுத் திரும்பவும் நீருக்குள் போய்விட்டார். அந்த நாற்பத்தெட்டு நாளும் காஞ்சீபுரத்தில் கால் வைக்க இடமில்லை. விளம்பரக்காரர்கள் இந்த ஊரில் வந்து பாடம் கேட்டால் தகும்.

மேல்நாட்டிலும் பணியாரத்துக்கு நாள் குறித்துத்தான் வைத்திருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில் முட்டை, நெய், பால் கூடாது என்று அந்தக் காலத்தில் விதி. வீட்டில் மிஞ்சியிருப்பதைக் கெடவிடாமல் தீர்க்க வேண்டுமே? நோன்புக்கு முந்திய செவ்வாய்க்கிழமை இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பான்கேக் சுட்டார்கள். ருஷ்யாவில் அந்த வாரம் முழுவதும் ப்ளினி என்ற அடை. அமெரிக்கர்கள் மட்டும் 1958-இல் கலிபோர்னியாவில் பான்கேக்குக்கென்றே ஒரு ஹோட்டலைத் திறந்து, பிறகு அதை நாடு முழுவதும் கிளை விடச் செய்து, வருஷம் 365 நாளும் தின்ன ஆரம்பித்தார்கள். எல்லா நாளும் கிடைக்கிற பொருளுக்கு மவுசு குறையும் அல்லவா? அதனால் திரும்பவும், “சில நாளைக்கு மட்டும்” என்று ஒரு புதுப் பணியாரம்! நாள் குறிப்பது பஞ்சாங்கம் இல்லை, கம்பெனி. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நண்பர் வீட்டில் அவருடைய மூத்த தமக்கை அடுப்படியில் இருந்தார். எனக்கும் அவர் அக்காதான்; என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எண்பத்து நாலு வயதிலும் கார்த்திகை அப்பத்தை வேறொருவர் தொட விடமாட்டார். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, வெல்லத்தைப் பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றி, கனிந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டு, ஏலக்காய் தட்டி வைத்திருந்தார். குழிச் சட்டியைக் காணோம். கறுத்துப் போன, அகன்ற இரும்புச் சட்டி ஒன்று அடுப்பில் இருந்தது. ஒரு கரண்டி மாவை ஊற்றினால் நடுவில் தடித்து, ஓரமெல்லாம் பின்னல் வேலை செய்தாற்போல் மெல்லிதாகப் பொரிந்து வரும். சட்டியைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. அதை எங்கேயோ படித்திருக்கிறேன்.

எங்கே என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. நண்பர் தறி வேலையை விட்ட பிறகு தமிழ்ப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டவர். அலமாரியில் பத்துப்பாட்டு இருந்தது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் முதன்முதலாக அச்சிட்ட நூல். நண்பரிடம் இருப்பது பிந்திய பதிப்பு. பெரும்பாணாற்றுப்படையைத் திருப்பினோம்.

இந்தப் பாட்டைக் கற்றவர்கள்கூட இலக்கணத்துக்காகக் கற்றிருப்பார்களே தவிர, வழித்துணையாக வைத்துக்கொண்டு யாரும் காஞ்சீபுரத்துக்கு வருவதில்லை. சொல்லப்போனால் அது ஒரு வழிகாட்டிப் புத்தகம்தான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கி வந்த ஒரு பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன சாப்பாடு போடுவார்கள் என்பதெல்லாம் 500 அடிகளில் வருகிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாதிக்கு மேல் சாப்பாட்டுச் செய்திகள் என்று சொன்னால் புலவர்கள் கோபிப்பார்கள். ஆனால் பசித்தவனுக்கு வழி சொல்கிறவன் வேறு எதைச் சொல்லுவான்?

வழி திருவெஃகாவுக்கு வந்து சேர்கிறது. சின்னக் காஞ்சீபுரத்தில் யதோக்தகாரிப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறாரே, அந்த இடம்தான். அங்கே வெயில் நுழையாத சோலை. குட்டையான காஞ்சி மரங்களைச் சுற்றிக்கொண்டு குருக்கத்திக் கொடி படர்ந்திருக்கிறது. அதன் பூக்கள் நிழலில், மணல்மேல் தேங்கிய தண்ணீரில் உதிர்ந்து கிடக்கின்றன. அது எப்படி இருக்கிறதாம்? கரிய சட்டியில் அப்ப வியாபாரிகள் பாகு சேர்த்துச் சுட்ட அப்பங்கள், ஓரமெல்லாம் நூல் சுற்றினாற்போல் இருக்கும் அந்த வட்டங்கள், பாலில் கிடப்பதுபோல் இருக்கிறதாம்!

நான் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பைப் பார்த்தேன். கரிய சட்டி இருக்கிறது. பாகு இருக்கிறது. நூல் சுற்றின ஓரம் இருக்கிறது. பால் மட்டும்தான் பாக்கி.

இந்த உவமையில் எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. பூ எங்கே, அப்பம் எங்கே? குருக்கத்தியை மாதவிக் கொடி என்றும் சொல்வார்கள். ஒரு நண்பர் தோட்டத்தில் அது பூத்திருந்தபோது ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை இதழ்கள்; ஒரே ஓர் இதழில் மஞ்சள் தீற்றல். ஒவ்வோர் இதழின் விளிம்பும் கத்தரித்த நூல் குஞ்சம்போல் பிசிர் பிசிராக இருக்கிறது! புலவர் போகிறபோக்கில் சொன்னதல்ல இது. அப்பத்தின் ஓரத்தையும் பார்த்திருக்கிறார், பூவின் ஓரத்தையும் பார்த்திருக்கிறார். குழியில் ஊற்றி நெய்யில் பொரிக்கும் உருண்டை அப்பத்துக்கு அந்த ஓரம் வராது. ஆகவே பழைய காஞ்சி அப்பம், அகன்ற சட்டியில் ஊற்றி ஓரம் முறுகச் சுட்ட மெல்லிய வட்டம் என்பது என் கட்சி. நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “நூல்போல என்றால் இடியாப்பமாக ஏன் இருக்கக் கூடாது?” என்று கேட்டார். பூவைப் பார்க்காதவர்களோடு வாதம் செய்வது கஷ்டம்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஓரமும் அல்ல, பாலும் அல்ல. ‘கூவியர்’ என்ற ஒரு சொல். கூவியர் என்றால் அப்பம் சுட்டு விற்கிறவர்கள். தொழில் செய்கிற வியாபாரிகள். காஞ்சீபுரத்து அப்பத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சியத்தில் கோயில் மடைப்பள்ளி இல்லை, பாட்டியின் அடுப்படி இல்லை, கார்த்திகையும் இல்லை. கடை இருக்கிறது! ஊரெல்லாம் தின்று பார்த்த கடை அப்பமாக இருந்தால்தானே, ஒரு வழிப்போக்கனுக்குச் சொல்லும் உவமையில் அது வர முடியும்? பெரிய சாலை ஹோட்டலில் நான் செய்த பிரசங்கம் அந்தக் கணமே பொடியாகிப் போயிற்று.

ஒரு ஊரோடு நிற்கவில்லை கூவியர் சங்கதி. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் மதுரை மாநகரின் இரவு வருகிறது. தேன்கூட்டைப்போல் கண் கண்ணாக இருக்கும் மெல்லடை, வெல்லக்கட்டி, பூரணம் வைத்த மோதகம் என்று விற்பனைக்கு வைத்துக்கொண்டிருந்த கூவியர், நேரமானதால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். இன்னும் ஓர் இடம் உண்டு. கடலாடு காதையில், இரவு வேளையில் புகார்க் கடற்கரையில் என்னென்ன விளக்குகள் எரிந்தன என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் கூவியரின் கரிய சட்டிக்குப் பக்கத்தில், குடம்போன்ற தண்டின்மேல் எரியும் விளக்கும் ஒன்று! கோவலனும் மாதவியும் கானல்வரி பாடிப் பிரிந்த அந்தக் கடற்கரையில், சற்றுத் தள்ளி யாரோ ஒருவர் விளக்கடியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காவியத்தை எத்தனையோ தடவை படித்தும் அந்த விளக்கு என் கண்ணில் படவே இல்லை.

மூன்று தலைநகரங்களிலும் கடை. ராத்திரி வியாபாரம். அந்தச் சட்டிக்கு ‘அகல்’ என்று பெயர். இன்று அகல் என்றால் விளக்கு ஒன்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. அன்று வாசலில் பேத்தி வரிசையாக அகல் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பம் வெந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இரண்டு காரியத்துக்கும் ஒரே பெயர்.

சரி, வீட்டுக்குள் அப்பம் எப்போது வந்தது? வீட்டில் எல்லாக் காலத்திலும் சுட்டிருப்பார்கள், சந்தேகம் வேண்டாம். ஆனால் பாட்டில் அது வருவது பெரியாழ்வார் காலத்தில். யசோதையாகத் தம்மைப் பாவித்துக்கொண்டு கண்ணனைக் குளிக்க அழைக்கும் இடத்தில், அப்பமும் சிற்றுண்டியும் பாலும் வெல்லமும் சேர்த்துச் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறார். தின்ன வேண்டுமானால் குளிக்க வர வேண்டும்! இங்கேயும் பால் அப்பத்தை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு அம்மாக்கள் இந்த உபாயத்தை இன்னும் கைவிடவில்லை.

கோயிலில் அப்பத்துக்கு ராஜயோகம் வந்தது விஜயநகர அரசர்கள் காலத்தில். கிருஷ்ணதேவராயர் 1514-இல் காஞ்சி வரதராஜர் கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார் அல்லவா, அந்தக் காலத்தையொட்டித்தான். திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, தோசைப்படி, வடைப்படி, இட்டலிப்படி, சுகியன்படி என்று ஒரு பெரிய பட்சணக் கடையே இருக்கிறது. பணமோ நிலமோ கோயிலுக்கு எழுதி வைப்பார்கள். இன்ன திருநாளில், இன்ன மண்டபத்தில், இத்தனை அப்பம் என்று கல்லில் வெட்டுவார்கள். அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று அளவும் உண்டு. படைத்த பிறகு பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு தருமம் செய்தவருக்கு. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அவர் அத்தனையையும் தின்ன முடியுமா? யாத்திரிகர்களுக்கு விற்பதும் நடந்தது. ஆக, கோயிலுக்குள் போன அப்பம் கடையை அடியோடு மறந்துவிடவில்லை. ஒன்று மட்டும் புதிது: அப்பத்துக்கு நாள் வந்துவிட்டது. தெருவில் தினம் கிடைத்த பண்டம், கல்வெட்டில் ஏறியதும் திருநாள் பண்டம் ஆயிற்று. விதிவிலக்கும் உண்டு. கொள்ளிடக் கரையில் கோவிலடிப் பெருமாள் அப்பக் குடத்தோடு இருக்கிறார். அப்பக்குடத்தான் என்றே பெயர். அவருக்கு ஒவ்வோர் இரவும் அப்பம் நைவேத்தியம். குறிப்பிட்ட நாள் என்ற பேச்சே அங்கே கிடையாது.

இவ்வளவையும் நான் திண்ணையில் உட்கார்ந்து உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“கடைதான் மொதல்னு சொல்றதுக்கு இவ்ளோ புஸ்தகமா தம்பி? எங்கம்மா அப்பக்கடை போட்டவதானே!”

நண்பர் என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். ஐப்பசியும் கார்த்திகையும் நெசவாளர் வீடுகளுக்குக் கெட்ட மாசம். பட்டு நூலைத் தெருவில் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். மழையில் அது நடக்காது. குழித்தறியில் கால் வைக்கும் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தறி நின்றால் கூலி நின்றது. கல்யாண முகூர்த்தம் தை மாசம் வரும் வரையில் கடன்தான். “தறிக்குழியில தண்ணி ஊறினா, அம்மா அப்பச் சட்டியை எடுப்பா. அரிசி கடன், வெல்லம் கடன். சாயங்காலம் தெருமுனையில உக்காந்துக்குவா. நான் சிம்னி விளக்கைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன், காத்துல அணையாம. தை பொறந்து வெயில் வந்தா சட்டியைக் கவுத்துடுவா. அப்புறம் அடுத்த ஐப்பசிதான்.”

“பாலு?” என்று கேட்டேன். என் ஆராய்ச்சி புத்தி என்னை விடவில்லை.

“பாலுக்கு எங்க தம்பி போறது!” என்றார் அக்கா.

குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்! அந்த நாட்களைக் குறித்தது பஞ்சாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. பாலாற்று மழை. இந்த மூன்றாவது காரணம் என் பட்டியலில் இருக்கவே இல்லை. புகார்க் கடற்கரைக் கூவியருக்கும் மதுரையில் உட்கார்ந்தபடி தூங்கிய கூவியருக்கும் எந்தக் குழியில் என்ன ஊறியதோ. புலவர்கள் விளக்கைப் பார்த்தார்கள், சட்டியைப் பார்த்தார்கள், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பாடவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1954 என்று நினைவு. எனக்கு எட்டு வயது. அந்த வருஷம் சின்னக் காஞ்சீபுரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். கடைத் தின்பண்டம் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். ஒரு மாலை மாமா யாருடைய கல்யாணத்துக்கோ புடவை பேசச் செவிலிமேட்டுக்கு வந்தார், என்னையும் அழைத்துவந்தார். அவர் ஒரு வீட்டுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் வெல்லம் காயும் வாசனை. ஒரு அம்மாள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் காலணா இருந்தது. ஒரு அப்பம் காலணா. நான் இரண்டு தின்றேன். “மாமா கூப்பிடறார்” என்று சொல்லிவிட்டு ஓடியவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் வழியெல்லாம் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டே போனேன். காலணா பாக்கி என்பது ராத்திரி படுக்கையில்தான் உறைத்தது.

அந்த அம்மாள் இந்த அக்காவின் தாயார்தானா? தெரியாது. மழைக்காலத்தில் அப்பச் சட்டி எடுத்தவர்கள் அந்தத் தெருவில் மூன்று நாலு பேர் உண்டு என்று அக்காவே சொன்னார். ஆனாலும் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றார்களா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். அப்பம் ஞாபகம் இருக்கிறது. விரலில் ஒட்டிய பாகு ஞாபகம் இருக்கிறது. விளக்கைப் பிடித்த முகம் ஞாபகம் இல்லை. புலவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

“எங்கம்மா இருந்திருந்தா வட்டி போட்டுக் கேட்டிருப்பா. காலணாவுக்கு நாலு தெரு துரத்துவா அவ. நான் கேக்கல, காலணாவுக்கு நான் எங்க போய்ச் சில்லறை தேடறது?”

நண்பர் அப்போதுதான் வாய் திறந்தார். “அம்மா கடை போட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார்” என்றார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் பால் காய்ச்சி எடுத்துவந்தார். “உங்கள் பெரும்பாணாற்றுப்படையைப் பரீட்சை பண்ணிவிடலாம்” என்றார்.

அகன்ற கிண்ணத்தில் பாலை ஊற்றி, அக்கா சட்டியிலிருந்து எடுத்த அப்பத்தைச் சூட்டோடு அதில் விட்டார். முதலில் மிதந்தது. நடுப்பகுதி பாலைக் குடித்துத் தடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. நூல் ஓரம் மட்டும் வெகுநேரம் மேலே நின்றது, பிசிர் பிசிராக. நான் நண்பரைப் பார்த்தேன். “இடியாப்பமாக இருந்தால் இப்படி ஓரம் மட்டும் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்” என்றார் அவர்.

சுவையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும்போதே வாயில் போட்டால் ஒரு ருசி. முழுவதும் ஊறின பிறகு வேறு ருசி. வெல்லம் பாலுக்குள் இறங்கி, பாலே பாயசம் மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு நிமிஷம் இருக்கிறது. ஓரம் பாதி ஊறி, நடு முழுக்க ஊறிய நிமிஷம். அதைப் பிடித்துவிட்டால் பெரிய சாலை ஹோட்டலின் ஐஸ்க்ரீம் கிட்டே வர முடியாது. பேத்தி இதைக் கேட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். இருபது எண்ணி ஒன்று, முப்பது எண்ணி ஒன்று, ஐம்பது எண்ணி ஒன்று என்று தின்று பார்த்து, நாற்பதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னாள்.

“நாளைக்கும் சுடுவீங்களா பாட்டி?” என்று கேட்டாள்.

“மாவு மிச்சம் இருந்தா சுடுவேன்” என்றார் அக்கா.

மாவு மிஞ்சவில்லை. ஆறு அப்பம் அவள் பரீட்சையில் தீர்ந்துபோயிற்று. கடைசியில் சட்டியில் இருந்த ஒன்றை, பால் கிண்ணம் காலியாகிவிட்டதால், நான் அப்படியே கையில் எடுத்துத் தின்றேன்.